உட்கார்ந்துவிட்டாள்

நல்லம்புதூர்,
வலங்கைமான் வழி.
9.7.1970

பூங்காவனத்தின் அப்பாவுக்கு அம்சம் எழுதுவது.

இங்கே ஏதோ இருக்கிறோம். அங்கே நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். வழக்கமாக நான் சொல்லச் சொல்ல நம் மகள்தான் கடுதாசி எழுதுவாள். இந்தத் தடவை நானே எழுதுகிறேன். அஞ்சாவதோடு மறந்துபோன எழுத்தை ராப்பள்ளியில் நீங்கள்தானே திரும்பக் கற்றுக்கொடுத்தீர்கள். கோணலாக இருந்தால் வாத்தியாரைத்தான் திட்ட வேண்டும்.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவை நடவு நடக்கிறது. கூலிச் சண்டையில் உள்ளே போனவர்கள் வீட்டுப் பெண்களுக்குப் பண்ணையில் வேலை இல்லை என்று காரியஸ்தர் சொல்லிவிட்டார். அதனால் நானும் பக்கத்து வீட்டு ரெங்கம்மாளும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் நட்டுவிட்டு வருகிறோம். இடுப்பு நிமிரவில்லை. படுத்துக் கண்ணை மூடினாலும் நாற்றுமுடிதான் தெரிகிறது.

பள்ளிக்கூடம் திறந்த புதிதில் ஒரு பையன் பூங்காவை ஜெயிலுக்குப் போனவன் மகள் என்று சொல்லிவிட்டானாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். போன வெள்ளிக்கிழமை உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து பாதியிலேயே அழுதுகொண்டு வந்தாள், அதற்குப் பிறகு வாசல் தாண்டவில்லை. எட்டாவது இப்போதுதான் ஆரம்பித்தது. இனிமேல் எதற்குப் பள்ளிக்கூடம் என்று தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என் தம்பி மருதையன் கோடியக்கரைக்கு உப்பு அள்ளப் போயிருக்கிறான், அவனுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவன் இல்லாமல் நான் மட்டும் என்ன செய்ய முடியும். நீங்கள் இல்லாமல் எதைச் செய்யவும் மனசு வரவில்லை.

இதற்கு மேல் எழுதவில்லை. உங்கள் கைக்கு வருமுன் அங்கே ஒரு அதிகாரி பிரித்துப் படிப்பாராமே. உங்களுக்குப் புரிந்தால் போதும். என்ன செய்ய என்று எழுதுங்கள். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

அம்சம்

*

சிறையிலிருந்து,
திருச்சி.
18.7.1970

அம்சத்துக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். படித்து முடித்தபோது அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

உட்கார்ந்துவிட்டாள் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டாய். எதற்கு உட்கார வேண்டும்? நம் தெருவில் எல்லாப் பெண்பிள்ளைகளும் இந்த வயதில்தான் உட்காருகிறார்கள். அப்புறம் நாற்றங்காலுக்குப் போகிறார்கள், அதற்கப்புறம் புருஷன் வீட்டுக்குப் போகிறார்கள். நம் பெண்ணும் அதே வழியில்தான் போக வேண்டும் என்றால் நான் இங்கே எதற்குக் களி தின்றுகொண்டிருக்கிறேன்? தெருப் பேச்சைக் கேட்காதே. இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. அழுதால் அழட்டும், தானாகச் சரியாகிவிடும்.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே தலைக்குத் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் வைத்துப் பின்னி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. தனியாகப் போகக் கூச்சப்பட்டால் நீயும் கூடப் போ. அங்கே இருக்கிற டீச்சரிடம் பேசு. உன்னால் பேச முடியும், சங்கக் கூட்டத்தில் பேசியவள்தானே.

மருதையனை எதற்குக் கூப்பிட்டாய் என்று எனக்குப் புரியவில்லை. அவன் வந்து இதில் என்ன செய்யப்போகிறான்? நம் பெண்ணுக்கு என்ன செய்வதென்று நமக்குத் தெரியாதா? வந்தால் ஒருவேளைச் சோறு போட்டுத் திருப்பி அனுப்பு.

எனக்கு இங்கே குறை ஒன்றும் இல்லை. முழங்காலில் பட்ட தடியடி மழை வருமுன் வலிக்கிறது, அவ்வளவுதான். ஒரு விஷயத்தில் பின்வாங்கினால் எல்லாவற்றிலும் பின்வாங்க வேண்டியிருக்கும். அதை மறக்காதே.

தோழமையுடன்,
வைரக்கண்ணு

*

நல்லம்புதூர்,
2.8.1970

பூங்காவனத்தின் அப்பாவுக்கு,

கட்டிய பெண்டாட்டிக்குத் தோழமையுடன் என்று கையெழுத்துப் போடுகிற மனுஷனை நான் எங்கும் பார்த்ததில்லை. இருக்கட்டும். இந்தத் தடவை அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது.

நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன்.

உங்கள் கடுதாசியை முதலில் படித்தபோது ஒரு அப்பா இப்படி எழுதுவாரா என்று இருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நீங்கள் எழுதியதை, அடுப்பு அணைந்தது தெரியாமல் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தேன். உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மேடையில் பேசுகிறது ஒன்று, வீட்டில் இருக்கிறது ஒன்று என்றுதான் உங்களை இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். தப்பாக நினைத்துவிட்டேன்.

நீங்களே வெட்கமில்லை என்று சொன்ன பிறகு எனக்கென்ன. அதிகாரி படித்தால் படித்துவிட்டுப் போகட்டும், அவர் வீட்டிலும் பெண்கள் இருப்பார்கள். அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா? வாய்க்காலில் இறங்கிக் குறுக்கே போயிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் போய்ப் பார்த்தால் பாவாடையில் ரத்தம். அட்டை ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். தேடித் தேடிப் பார்த்து அட்டை அகப்படவில்லை என்றதும் பயந்து ஓடி வந்து, “அம்மா, உப்பு குடும்மா, உள்ள போயிடுச்சு” என்று அழுதாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவளுக்கு நான் ஒன்றுமே சொல்லி வைத்திருக்கவில்லை. என் அம்மாவும் எனக்குச் சொல்லவில்லை.

உங்கள் பதில் வரட்டும் என்று தண்ணீர் ஊற்றாமலே வைத்திருந்தேன். வந்த மறுநாள் ரெங்கம்மாளை மட்டும் கூப்பிட்டு ஊற்றினேன். மஞ்சள் கொஞ்சம் இருந்தது. என் கல்யாணப் புடவையைக் கிழித்துத் தாவணி போட்டுவிட்டு நானே அழைத்துக்கொண்டு கிளம்பினேன். தெருவே வாசலில் வந்து நின்றது. சடங்கு சுற்றாமல் பச்சைப் பெண்ணை வாய்க்கால் கரையில் கூட்டிப் போகிறாளே என்று என் காதுபடவே பேசினார்கள். எங்கள் வீட்டுக்காரர் சொன்னார் என்று சொன்னேன்.

அதற்கு மறுநாள்தான் மருதையன் வந்தான். சைக்கிள் பின்னால் பச்சை ஓலை, தட்டில் பாவாடை, வளையல், வெல்லம். தாய்மாமன் குடிசை கட்டத்தானே வருவான். பூங்கா பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்றதும் அவன் முகம் செத்துப்போயிற்று.

“மாமா என்னதான் எழுதியிருக்காரு, படிச்சுக் காட்டு” என்றான்.

அந்த வரியை நான் தாண்டிப் போயிருக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு எதைத் தாண்டுவது என்று எங்கே தெரிகிறது. அவன் வந்து என்ன செய்யப்போகிறான் என்பதையும் படித்துவிட்டேன்.

“தாய்மாமன் என்ன செய்வான்னு மாமாவுக்குத் தெரியாதாக்கா? சரி, வெளிய வரட்டும், கேட்டுக்கறேன்” என்றான். ஓலையைச் சுவரோரம் இறக்கிப் போட்டுவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். இந்த ஒன்றில் மட்டும் நீங்கள் கொஞ்சம் தணிந்து எழுதியிருக்கலாம். எனக்குப் பிறந்த வீடு என்று அவன் ஒருத்தன்தான்.

பள்ளிக்கூடத்தில் சாவித்திரி டீச்சரிடம் பேசினேன். அங்கே பெண்பிள்ளைகள் ஒதுங்க ஒரு மறைவு இல்லை. துணி மாற்ற வேண்டுமென்றால் வீட்டுக்குத்தான் ஓடி வர வேண்டும். டீச்சர் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான், அவர்கள் வீட்டுக் கொல்லைப்புற அறையைத் திறந்து வைக்கிறேன் என்றார்கள். “எங்க ஆத்துல நானும் மூணு நாள் அந்த ரூம்லதான் இருக்கணும். ஸ்கூலுக்கு மட்டும் வந்துடுவேன். சம்பளம் வர்ற எடத்துல யாரும் தீட்டுப் பாக்கறதில்ல” என்றார்கள். நம் தெருப் பெண்ணை அந்த வீட்டுக் கொல்லைக்குள் விடுவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மகள் மாறிவிட்டாள். காரணமில்லாமல் கோபம் வருகிறது. மார் வலிக்கிறது என்று குப்புறப் படுக்க மாட்டேன் என்கிறாள். முகத்தில் பரு வந்திருக்கிறது, கிள்ளாதே என்றால் கிள்ளுகிறாள். நேற்று, “இது எத்தனை வருஷம்மா வரும்?” என்று கேட்டாள். எனக்கு இன்னும் வருகிறது என்றேன். இடிந்துபோய் உட்கார்ந்தாள்.

இந்த வாரம் பதினெட்டாம் பெருக்கு. எனக்குக் காலெல்லாம் சேற்றுப்புண். ஆனாலும் மனசு ஒரு மாதிரி தெளிந்திருக்கிறது, உங்களால்தான்.

அம்சம்

*

சிறையிலிருந்து,
திருச்சி.
20.8.1970

அம்சம்,

உன் கடிதத்தை நான் தப்பாகப் படித்துவிட்டேன்.

எனக்கு உட்காருவது என்றால் வரப்பில் உட்காருவது, தாலுகா ஆபீஸ் வாசலில் உட்காருவது. அதைவிட்டால் பள்ளிக்கூடத்திலிருந்து நின்று வீட்டில் உட்காருவது. அந்தப் பையன் சொன்ன வார்த்தை பொறுக்காமல் படிப்பை விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். நீ அதற்கு அடுத்த வரியில்தானே எழுதியிருந்தாய். இரண்டாவது கடிதம் வந்த பிறகுதான் விளங்கியது. பக்கத்தில் படுக்கும் ஜெய்னுலாபுதீன் பாய் மூன்று பெண்களைப் பெற்றவர். முதல் கடிதத்தை அவரிடம் காட்டினேன். “இதுலயே இருக்கே தோழர், தாய்மாமனைக் கூப்பிட்டிருக்காங்களே” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எனக்குத் தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். தண்ணீர் ஊற்று என்றது குளிக்க வைத்து அனுப்பு என்பதற்காக. மருதையனைப் பற்றி எழுதியதும் தெரியாமல் எழுதியதுதான். நீ அவன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லு. என் சார்பில் மன்னிப்புக் கேள்.

பூங்காவை நிறுத்திவிடு. நான் வெளியே வரும்வரை வீட்டில் இருக்கட்டும். ஒரு வருஷம் போனால் போகட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். நான் சடங்கு சம்பிரதாயத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. பண்ணையின் களத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடத்துக்கு வழி. அறுப்பின்போது எங்களோடு கைகலந்தவர்கள் அந்தக் களத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களால் என்னை ஒன்றும் செய்ய முடியாது, நான் உள்ளே இருக்கிறேன். அவளைச் செய்யலாம். சின்னப் பிள்ளையாக இருந்தவரை அந்த நினைப்பு எனக்கு வரவில்லை. இப்போது படுத்தால் அதே நினைப்புதான்.

இந்த மாதம் நிலப் போராட்டத்தில் பிடிபட்டவர்களைக் கொண்டுவந்து அடைத்திருக்கிறார்கள். கால் நீட்ட இடமில்லை. எல்லோரும் உற்சாகமாகக் கோஷம் போடுகிறார்கள். எனக்குக் குரல் வரவில்லை. அலுத்துப்போய்விட்டது அம்சம். அவள் வீட்டில் பத்திரமாக இருக்கிறாள் என்று நீ ஒரு வரி எழுதினால் தூங்குவேன்.

வைரக்கண்ணு

*

நல்லம்புதூர்,
14.9.1970

பூங்காவனத்தின் அப்பாவுக்கு,

உங்கள் கடுதாசி வந்து நாளாகிவிட்டது. பதில் எழுதாமல் இருந்தது கோபத்தில் இல்லை. கோபப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை. களை முடிந்து இப்போது குறுவைக் கதிர் முற்றிக்கொண்டிருக்கிறது. அறுப்புக்கு எங்களைக் கூப்பிடுவார்களா, வெளியூர் ஆளைத்தான் இறக்குவார்களா என்று ஊரே முழித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் மருதையன் விஷயம். போனேன். உள்ளதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டான். அப்புறம், “ஊருக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்குடுக்கற மனுஷனுக்கு உக்கார்றதுன்னா என்னன்னு தெரியலையேக்கா” என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன், பாவம் நீங்கள். அந்த ஓலை காய்ந்து கிடந்தது. அதை எடுத்துக் கீற்றாகப் பின்னி நம் கூரையில் ஒழுகுகிற இடத்தில் போட்டுக் கொடுத்தான். மாமா வந்ததும் சடங்கை வைத்துக்கொள்ளலாம், என்னை விட்டால் யார் செய்வார்கள் என்று சொல்லியிருக்கிறான். அந்தக் குறை உங்களுக்கு வேண்டாம்.

இனி பூங்கா விஷயம். அவளை நிறுத்தவில்லை. நிறுத்தவும் மாட்டேன்.

உங்கள் பயம் எனக்கு இல்லாமல் இல்லை. களத்தைத் தாண்டும்போதெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். ஒருநாள் அங்கே நின்ற ஒருத்தன் அசிங்கமாக ஏதோ சொன்னான். ரெங்கம்மாள் களைக்கொத்தோடு திரும்பி நின்று, “என்னடா சொன்ன, கிட்ட வந்து சொல்லு” என்றாள். அவன் வரவில்லை. அதற்காகப் பயம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். தினமும் நாங்கள் யாராவது ஒருத்தி கூடப் போகிறோம், சாயங்காலம் ஒருத்தி போய் அழைத்து வருகிறோம். போகிறவளுக்கு அன்றைக்கு நடவோ களையோ தாமதம்தான், பேச்சுக் கேட்க வேண்டும்தான். கேட்டுக்கொள்கிறோம்.

நாங்கள் என்று எழுதியதைக் கவனித்தீர்களா? ரெங்கம்மாள் மகள் வேம்பு போன வருஷம் உட்கார்ந்தவள். ஏழாவதோடு நின்றுபோனாள். பூங்கா போவதைப் பத்து நாள் பார்த்துவிட்டு ரெங்கம்மாள் வந்து, “அந்தக் கடுதாசியை எனக்கும் ஒருதரம் படிச்சுக் காட்டு” என்றாள். உங்கள் முதல் கடுதாசியைத்தான் படித்தேன். எல்லாப் பெண்பிள்ளைகளும் இந்த வயதில்தான் உட்காருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் அவள் அழுதாள். வேம்புவை சாவித்திரி டீச்சர் மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். தெற்குத் தெருவிலிருந்து இன்னொரு பெண்ணும் வருகிறாள். வைரக்கண்ணு எழுதினாராமே என்று கேட்டுக்கொண்டுதான் அவள் அம்மா வந்தாள். மூன்று பெண்கள் இப்போது வாய்க்கால் கரையில் சேர்ந்து போகிறார்கள். அவர்களிடம் போய், எங்கள் வீட்டுக்காரர் வார்த்தையைத் தப்பாகப் படித்துவிட்டார், அது உங்களுக்கு இல்லை என்று சொல்லட்டுமா?

ஒரு வருஷம் போனால் போகட்டும் என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நின்றேன். மழைக்காலம் முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்றார்கள். நான் உட்கார்ந்தபோது யாரும் அதைத் தப்பாகப் படிக்கவில்லை. எல்லோரும் சரியாகத்தான் படித்தார்கள். அதனால்தான் இன்றைக்கு நான் சேற்றில் நிற்கிறேன்.

உங்கள் மகளுக்கு இரண்டாவது கடுதாசி வந்ததே தெரியாது. எங்கள் அப்பாதான் அனுப்பச் சொன்னார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அந்த ஜெயில் பேச்சு பேசின பையனிடமும் போய்ச் சொன்னாளாம். அவளை நிறுத்த வேண்டும் என்றால் நீங்களே வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். என் வாயால் வராது.

இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். நீங்கள் வந்தால் முன்னே மாதிரி ஓடி வந்து தோளில் தொங்க மாட்டாள். தள்ளி நின்று சிரிப்பாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள், உள்ளே போய்விடுவாள். என்னிடமே இப்போதெல்லாம் பாதிதான் சொல்கிறாள். அது உங்கள்மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் அவள் தள்ளிப் போகிற மாதிரிதான் இருக்கிறது.

அவள் பத்திரமாக இருக்கிறாள் என்று ஒரு வரி கேட்டீர்கள். இன்றைக்கு மாலை வீடு வந்து சேர்ந்துவிட்டாள். நாளைக்கும் வந்து சேருவாள் என்று நம்பிக்கொண்டுதான் படுக்கிறேன். தூங்குங்கள்.

அம்சம்

*

சிறையிலிருந்து,
திருச்சி.
6.11.1970

அம்சத்துக்கு,

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். நீ சொன்னதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பயம் மட்டும்தான் இருக்கிறது, அது என்னோடு இருக்கட்டும். அவள் போய்க்கொண்டிருக்கட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடுகிறார்கள். சங்கத்து ஆட்கள் வாசலுக்கு மாலையோடு வருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீயும் வர வேண்டாம், மழையில் அலையாதே. காலையிலேயே கிளம்பிக் கும்பகோணம் போய் பஸ் மாறினால் வலங்கைமான் வந்து சேரச் சாயங்காலம் ஆகும். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் சரியாக இருக்கும். அன்றைக்கு நீங்கள் யாரும் போக வேண்டாம். பிள்ளைகளை நானே அழைத்துக்கொண்டு வருகிறேன்.

மற்ற பெண்கள் எதிரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளுக்குக் கூச்சமாக இருக்குமோ என்னவோ. கூப்பிடாமல் எதிர்ப்பக்கம் நின்றுகொள்கிறேன், அவளாகப் பார்த்து வரட்டும். தாடியும் மெலிவுமாக என்னையும் அவளுக்குச் சட்டென்று தெரியாது. நான் விட்டுவிட்டு வந்தது பாவாடை சட்டை போட்ட பெண். இங்கே ராத்திரி படுத்துக்கொண்டு அவள் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன், அந்தப் பழைய முகம்தான் வருகிறது. தாவணியில் எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி இருப்பார்களே. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் என்னைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

அன்றைக்கு அவள் போடப்போகிற தாவணி என்ன நிறம் என்று மட்டும் உடனே எழுதிப் போடு.

வைரக்கண்ணு